லீமா, பெரு, ஜூலை–ஆகஸ்ட்

ஜூலை 22
இவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தின்ற மாத்திரையின் வேகம் இன்னும் அடங்கவில்லையாம். அது அடங்காமல் கத்தி வைக்க மாட்டார்களாம்.

ஜூலை 23
தூறல். துணி காயவில்லை.

ஜூலை 24
டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை வடிவில் பழைய ரத்தம். இரண்டு துளை போட்டு வடித்துவிடலாம் என்றார். "பயப்படாதீர்கள் செனோரா, இதை இந்த நாட்டில் 2000 வருஷத்துக்கு மேலாகச் செய்கிறோம்" என்று சிரிப்பு வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 25
புவெப்லோ லிப்ரே அருங்காட்சியகத்துக்குப் போனேன். பார்வை நேரம் மாலையில்தான்; அதுவரை வீட்டில் உட்கார முடியவில்லை. அந்தக் காலத்தில் துளை போட்ட மண்டையோடுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒன்றில் துளையின் விளிம்பு மழுங்கி, உள்பக்கம் சரிந்து, வழவழவென்று இருந்தது. எலும்பு வளர்ந்திருக்கிறது, ஆள் பிழைத்து வருஷக்கணக்கில் நடமாடியிருக்கிறார். பக்கத்தில் இருந்ததில் நான்கு வெட்டுக்கோடுகள், மூலையில் ஒன்றையொன்று தாண்டி ஓடியிருந்தன. விளிம்பு கூர்மை. வளர நேரமே கிடைக்கவில்லை.

தொல்லியலாளர் ஹூலியோ தெயோவின் கல்லறை அங்கேயே தோட்டத்தில் இருக்கிறது. வாரோச்சிரி மலையில் பிறந்து, டாக்டருக்குப் படித்துவிட்டு, மண்டையோடு தேடப் போனவர்.

இவருக்கு இன்று என் பெயர் சட்டென்று வரவில்லை.

ஜூலை 26
தூக்கம் வராமல் படித்தேன். ஸ்குவையர் என்ற அமெரிக்கத் தூதர், இன்கா மன்னர்களின் பழைய தலைநகரான குஸ்கோவில் இப்படி ஒரு மண்டையோட்டை வாங்கிப் போனார். உயிருள்ள மனிதனுக்குச் செய்தது என்று நியூயார்க் டாக்டர்கள் நம்பவில்லை. பாரிஸில் புரோக்கா என்ற டாக்டர் 1867இல் பார்த்துவிட்டுச் சொன்னார்: உயிரோடு இருக்கும்போதுதான் வெட்டியிருக்கிறார்கள், அதன்பிறகு ஒன்றிரண்டு வாரம் இருந்திருப்பான். அன்றைக்கு ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் மண்டையைத் திறந்தால் பெரும்பாலும் சீழ் பிடித்துச் சாவுதான். மலைவாசிகளால் எப்படி முடியும் என்ற எரிச்சல் அவர்களுக்கு. எனக்கு வேறு எரிச்சல். ஒன்றிரண்டு வாரம் என்றால் ஒன்றா, இரண்டா?

ஜூலை 27
அத்தை போன். பழனிக்கு மொட்டை நேர்ந்திருக்கிறாராம். இங்கே நர்ஸ் பாதித் தலையை ஏற்கெனவே மழித்தாயிற்று, சொல்லவில்லை.

கணக்கு: தென்கடற்கரையில் பாரகாஸ் பக்கம் கி.மு. 400–200இல் மண்டையில் துளை போட்டுப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 40 பேர். மலைநாட்டில் கி.பி. 1000–1400இல் 53. இன்கா காலத்தில் குஸ்கோவைச் சுற்றி 75 முதல் 83. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மண்டை திறக்கப்பட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள். குஸ்கோக்காரர்கள் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், அடியில் உள்ள சவ்வைக் கிழிக்காமல். ஒருவருக்கு நாலு துளை, நாலும் ஆறியிருக்கிறது.

துளை பெரும்பாலும் ஆண்களுக்கு, அதுவும் இடப்பக்கம்: எதிரி வலக்கையால் கதாயுதத்தை வீசுவான். இவருக்கும் இடப்பக்கம்தான். ஆனால் கதாயுதம் எல்லாம் இல்லை, பாத்ரூம் தரை.

ஜூலை 28
சுதந்திர தினம். ஊரெல்லாம் கொடி. வார்டில் ஒரு டாக்டர்கூடக் கண்ணில் படவில்லை. கேட்டால் "நாளை". நாளையும் லீவு! வாசலில் எமோலியென்தே என்ற சூடான மூலிகைக் கஷாயம் வாங்கிக் குடித்தேன், நாக்கு வெந்துபோயிற்று.

ஜூலை 29
1950களில் இதே ஊரில் கிரான்யா, ரோக்கா என்ற டாக்டர்கள் பழங்காலக் கருவிகளை எடுத்து, நிஜ நோயாளிக்கே ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அந்த நோயாளி என்ன ஆனார் என்ற வரி வருவதற்குள் மூடிவிட்டேன்.

ஜூலை 30
சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டார். கோபித்துக்கொண்டேன். பிறகு நானே ஊட்டினேன். இட்லி கேட்கிறார். லீமாவில்!

ஜூலை 31
வழவழ விளிம்பு. வழவழ விளிம்பு.

ஆகஸ்ட் 1
கூப்பிட்டுவிட்டார்கள். 11 மணிக்கு. மூன்று இடத்தில் கையெழுத்து கேட்கிறார்கள், போன் சார்ஜரை எங்கே வைத்தேனோ