தாத்தாவும் தங்கம் தியேட்டரும்

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. தாத்தா ஒரு காரின் மீது கை வைத்து நிற்கிறார். பின்னால் அகன்று உயர்ந்த ஒரு கட்டடம். படம் 1950இல் எடுத்தது என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள். ஆனால் பெரியப்பா பார்த்த மாத்திரத்தில், அது மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு நின்ற தங்கம் தியேட்டர் என்று சொன்னதும் அந்தக் கணக்கு குலைந்தது, ஏனெனில் அத்திரையரங்கம் 1952 தீபாவளிக்குத்தான் திறக்கப்பட்டது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கார் இன்னும் தெளிவாகப் பேசியது. பின்பக்கச் சிறகுகளும் குழிவு விழுந்த பானெட்டும் அது 1957க்குப் பிந்தைய அம்பாசிடர் என்கின்றன. முன்புறக் கிராதியில் படுக்கைக் கம்பிகளே இருப்பதால், சிறு கட்டங்களுடன் 1960களில் வந்த மார்க் 2 அல்ல. படத்தின் பின்பக்கம் பாட்டியின் கையெழுத்தில் 'புது கார்' என்று இருப்பதையும் சேர்த்தால், 1957க்கும் மார்க் 2 வருவதற்கும் இடைப்பட்ட காலம் என்று துணிந்து சொல்லலாம்.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வலது ஓரத்தில் பாதி தெரியும் கடைப் பலகையில் 'லாட்ஜ்' என்ற சொல் மட்டும் படிக்க முடிகிறது. அந்த வீதியில் அக்காலத்தில் வசித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இப்படத்தை அவர்களிடம் காட்டுங்கள்.