ஒரு ஜல்லியும் ஒரு கட்டம் போட்ட லுங்கியும்

விழுப்புரத்தில் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதுராந்தகம் தாண்டியதும் முன்னால் ஒரு டிப்பர் லாரி. தார்ப்பாய் பேருக்கு ஒரு ஓரமாகத் தொங்குகிறது, மேலே ஜல்லி கோபுரமாக நிற்கிறது. பின்பக்கம் ‘இடைவெளி விட்டு வரவும்’ என்று எழுதியிருந்தது. விட்டுத்தான் வந்தேன். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ‘டொக்’.

கொட்டாங்குச்சியைத் தட்டினாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். காரின் முன்கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றிக் குட்டியாக ஒரு நட்சத்திரம். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, “வீட்டு வாசல்ல எல்லாரும் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்கடா. அப்பவே நெனச்சேன்” என்றார். லாரிக்காரன் தப்பித்தான், பழி விழுப்புரத்துச் சொந்தங்கள் மேல் விழுந்தது.

“சின்னதா இருக்கும்போதே ரெசின் ஊத்தி அடைச்சிடுங்க, ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும்” என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். நியாயமான பேச்சு. அதனால் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் ரெண்டு மணி, ஆபீஸ் வாசலில் மரநிழல் இல்லாத இடத்தில் நின்ற வண்டி. உள்ளே உட்கார முடியவில்லை. ஏசியை முழுசாக வைத்துக் காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டேன். வெளியே தோசைக்கல், உள்ளே ஐஸ்பெட்டி. ‘டிக்’ என்று ஒரு சத்தம். நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, வரைபடத்துப் பாலாறு மாதிரி வளைந்து வளைந்து மேலே போய், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் மறைந்தது. பாலாற்றில் தண்ணி வரத்தான் வருஷக்கணக்காகும், இது வர மூன்று நொடி.

மிரருக்குப் பின்னால்தான் வண்டியின் கண் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு உதவும் ‘ஏடாஸ்’ என்று சொல்லி டாப் மாடலை என் தலையில் கட்டினார்களே, அதற்கான கேமரா. லேன் கோட்டைப் பார்ப்பது, முன்னால் போகும் வண்டியைப் பார்ப்பது, தேவைப்பட்டால் தானே பிரேக் போடுவது எல்லாம் அந்தக் குட்டி லென்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான். கோடு குறுக்கே வந்ததும் டேஷ்போர்டில் வரிசையாக மஞ்சள் விளக்கு. லேன் அசிஸ்ட் இல்லை, தானாக பிரேக் இல்லை, ஹைபீம் தானாக இறங்காது. கல்யாண வீட்டில் ஒருத்தர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் பின்னாலேயே நாலு பேர் கிளம்புவார்களே, அந்த மாதிரி.

முதலில் போனது புதுப்பேட்டை. அங்கே கிடைக்காத உதிரிபாகம் இல்லை என்ற நம்பிக்கையில்தான் சென்னையில் பாதி வண்டிகள் ஓடுகின்றன. கடைக்கார அண்ணன் வெளியே வந்து, மிரருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“கேமரா வண்டியா சார்? கண்ணாடி நான் போட்டுருவேன். நாளைக்கு வண்டி கோட்டைப் பார்த்து ஓடாம குளத்தைப் பார்த்து ஓடுச்சுன்னா எங்கிட்ட வராதீங்க.”

வியாபாரத்தை வேண்டாமென்று சொன்ன அந்த மனுஷனை இன்னும் மதிக்கிறேன். கேமராவுக்கு எதிரே இருக்கும் இடத்தில் கண்ணாடி துளி நெளிவு இல்லாமல் இருக்க வேண்டுமாம். கேமராவைத் தாங்கும் பிடியும் அதே இடத்தில் அச்சாக உட்கார வேண்டுமாம். “கம்பெனிக்கே போயிடுங்க சார். அங்க சொல்ற விலையைக் கேட்டுட்டுத் திரும்பி வந்து எங்கிட்ட ஒரு டீ சாப்பிடுங்க” என்றார்.

சர்வீஸ் சென்டர் விலையைக் கேட்டதும் டீ பற்றாது என்று புரிந்தது. எல்லாம் சேர்த்து 46 ஆயிரத்துச் சொச்சம். அதில் ‘கேலிபரேஷன்’ என்று தனியாக ஒரு 7 ஆயிரம்.

“அது என்ன சார்?”

“கண்ணாடி மாத்தினா கேமராவுக்கு மறுபடியும் பார்க்கச் சொல்லிக் குடுக்கணும் சார்.”

என் மூக்குக் கண்ணாடி மாற்றியபோது ‘இ’ எழுத்தைக் காட்டி இலவசமாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டேன். அங்கே ஒரு நல்ல செய்தி: கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், எவ்வளவு பழைய வண்டியானாலும் சரி. ஓரத்து ரப்பர், பிளாஸ்டிக் கிளிப்புக்கெல்லாம் பாதிதான் தருவார்கள். தேய்மானமே பிடிக்காத ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தால் அதுவும் முழுசாக வந்திருக்கும். போன வருஷம்தான் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அதை நிறுத்தியிருந்தேன். கட்டாயமாக நம் கையிலிருந்து போவது 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. என் வண்டி 1,498 சி.சி. அன்றைக்கு எனக்குச் சாதகமாக நடந்தது அது ஒன்றுதான்.

கெட்ட செய்தி நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. மூன்று வருஷமாக ஒரு கீறல்கூட கிளைம் பண்ணாமல் 35 சதவீதம் வரை ஏற்றி வைத்திருந்தேன். ஒரு கண்ணாடிக்குக் கை நீட்டினால் பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி பூஜ்யம். விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை. என் மனைவி எக்செல் ஷீட்டைத் திறந்தாள். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50-ஐத் தொடும் வரை எனக்கு நஷ்டம் மொத்தமே 14 ஆயிரம்தான் என்று காட்டினாள். “முதல் வரியில ஆயிரம் ரூபாய் ரெசின்னு எழுதி சிவப்புல அடிச்சு வெச்சிருக்கேன், பார்த்தீங்களா?” என்றும் கேட்டாள். பார்த்தேன்.

கண்ணாடி மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவிட்டார்கள். இரண்டு பேர், ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே. பசைக்குள் ஒரு மெல்லிய கம்பியைக் குத்தி நுழைத்து, மரம் அறுக்கிற மாதிரி மாறி மாறி இழுக்கிறார்கள். கண்ணாடி முழுசாக வெளியே வந்தது, ஒரு சில்லு உதிரவில்லை. முன்கண்ணாடி என்பது உண்மையில் இரண்டு கண்ணாடி, நடுவில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கதவுக் கண்ணாடி அப்படியில்லை, கல்கண்டாக உதிர்ந்துவிடும்.

பிறகு உலோக விளிம்பைச் சுத்தம் செய்து, கறுப்பாக ஒரு பிரைமர் தடவினார்கள். பெரியவர் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்துப் பசையைப் பிழிய ஆரம்பித்தார். சுற்றி வர ஒரே தடிமனில், கை நடுங்காமல், மூலை திரும்பும் இடத்திலும் அறுபடாமல். முறுக்குச் சுற்றுவதில் எங்கள் பாட்டிக்கு இருந்த கை. கடைசியில் ஆரம்பித்த இடத்தில் நுனியைச் சேர்த்து விரலால் ஒரு அழுத்து அழுத்தினாரே, அதுவும் அப்படியே பாட்டி.

பசை இறுகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது, ஒரு ஜன்னலை ஒரு இன்ச் இறக்கியே வைக்க வேண்டும், கதவை அறைந்து சாத்தக் கூடாது, உள்ளே அடைபடும் காற்று புதுக் கண்ணாடியைத் தள்ளும் என்றார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவர் கதவு சாத்துவது அம்பாசடர் காலத்துப் பழக்கம், நாலு வீடு தாண்டிக் கேட்கும்.

பழைய கண்ணாடியை ஓரமாகச் சாய்த்து வைத்தபோதுதான் அதில் என் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. உரித்தேன். கிழிந்தது. கிழிய வேண்டும் என்றே செய்கிறார்களாம், ஒருத்தர் டேக்கை இன்னொருத்தர் எடுத்து ஒட்டிவிடக் கூடாது என்று. புது டேக் வரும்வரை ஹைவேஸ் பக்கம் போனால் சுங்கம் கூடுதலாகத்தான் கட்ட வேண்டும்.

மறுநாள் கேலிபரேஷன். அதற்கான சாதனம் அம்பத்தூர் பக்கம் இன்னொரு கிளையில்தான் இருந்தது. நான் லேசரும் ரோபோவும் எதிர்பார்த்துப் போனேன். இருபத்தி மூணு வயசு இருக்கும், ஒரு தம்பி வந்தான். கையில் தூக்குக்குண்டு, நூல், சாக்பீஸ், டேப்பு. முன்னால் லோகோ நடுவிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி, பின்னால் அதே மாதிரி ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்து நேராக ஒரு கோடு. எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் போட்ட மேஸ்திரி இதையேதான் செய்தார், அவர் 7 ஆயிரம் கேட்கவில்லை.

“லோகோவுக்குப் பின்னாடி ரேடார் இருக்கு சார், அதை மட்டும் தட்டிடாதீங்க” என்றான் தம்பி. “டிக்கியில வெயிட் ஏதாச்சும் இருக்கா?”

திறந்தேன். அரை மூட்டை பொன்னி அரிசி, கிரகப்பிரவேசத்தில் கொடுத்த ஆறு தேங்காய், அம்மாவின் மடக்கு நாற்காலி, இரண்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பக்கத்து வீட்டுக் குக்கர். தம்பி ஒவ்வொன்றாக இறக்கி வரிசையாக வைத்தான். பின்னால் கனம் இருந்தால் வண்டியின் மூக்கு தூக்கும், கேமரா வானத்தைப் பார்க்கும். டயர் காற்றையும் சரிபார்த்தான். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

“ஒரு டிகிரி திரும்பியிருந்தா நூறு மீட்டர் தள்ளி ஒண்ணேமுக்கால் மீட்டர் விலகிடும் சார். பக்கத்து லேன்ல போற ஆட்டோவை நம்ம லேன்ல போகுதுன்னு நெனச்சு பிரேக் போடும்.”

ஆட்டோ எந்த லேனில் போகிறது என்பது ஆட்டோக்காரருக்கே தெரியாதே என்று சொல்ல வந்தேன். அவன் முகம் சீரியஸாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

வண்டிக்கு எதிரே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையை அளந்து நிறுத்தி, ஸ்கேனரை மாட்டி, பட்டனை அழுத்தினான். ‘தோல்வி’. மறுபடி அளந்தான். ‘தோல்வி’. ஷட்டரை இறக்கி வெயிலை மறைத்தான். ‘தோல்வி’. பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் அப்பன் மாதிரி நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை தம்பி காருக்குள் ஏறி, கேமரா உயரத்துக்குத் தலையை வைத்து, அது பார்க்கிற மாதிரியே முன்னால் பார்த்தான். பிறகு மெதுவாக இறங்கி, பலகைக்குப் பின்னால் இருந்த ரேக்கைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“அண்ணே, யார் லுங்கிண்ணே இது?”

நைட் டூட்டி செக்யூரிட்டியின் லுங்கி. துவைத்துக் காயப்போட்டிருந்தார். அருமையான பெரிய கட்டம், கறுப்பும் வெள்ளையும். எடுத்ததும் ஐந்தாவது தடவை பாஸ். லுங்கிதான் காரணமா என்று தம்பியாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லாததை எண்ணி வருத்தப்பட்டான்.

அதோடு முடியவில்லை. ரோட்டிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் லேன் கோடு தெளிவாக இருக்கிற ரோட்டில், சீரான வேகத்தில். அம்பத்தூரில் கோடு தேடினோம். வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் மெட்ரோ வாட்டர் தோண்டியிருந்தார்கள், தோண்டாத இடத்தில் கோடு போடவில்லை. கடைசியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு ஏறினோம். புதுக் கோலம் மாதிரி பளிச்சென்று கோடு. நான் ஓட்ட, தம்பி மடியில் ஸ்கேனரோடு சதவீதம் வாசித்துக்கொண்டு வந்தான்.

“முப்பது... நாப்பத்தஞ்சு... அப்படியே வாங்க சார்... அறுபது...” எதிர்த்திசையில் பால் கேனோடு ஒரு பைக், எங்கள் லேனிலேயே, ஹெட்லைட் போட்டுக்கொண்டு தைரியமாக வந்தது. ஒதுங்கினேன். “விடுங்க சார், பரவால்ல. அறுபத்தியஞ்சு...” நடுவில் நாலு மாடு. முதல் மாடு சரியாகக் கோட்டின் மேல் படுத்திருந்தது, லேன் ஒழுக்கம் தெரிந்த மாடு. தொண்ணூற்றி எட்டில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு தண்ணி லாரி குறுக்கே வந்தது. தம்பி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான். நூறு.

மஞ்சள் விளக்கெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்ப மாட்டீர்கள், பில்லைப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

வீட்டு வாசலில் அம்மா தயாராக நின்றார். ஆரத்தி, பூசணிக்காய், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். கதவை நான் மெதுவாகச் சாத்துவதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, எட்டி, கண்ணாடியின் மேல்பக்கம் நட்ட நடுவில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். டேஷ்போர்டில் உடனே மஞ்சள் விளக்கு: ‘முன் கேமரா மறைக்கப்பட்டுள்ளது’.

“அம்மா, அங்க வைக்கக் கூடாதும்மா!”

“அதுதானடா வண்டிக்கு நெத்தி?”

எதிர்வாதம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஈரத்துணியால் துடைக்கப் போனால் “வெச்ச பொட்டை அழிக்கிறியா” என்று கண்ணைக் கசக்கினார். என் மனைவிதான் சமாதானம் பேசி, பொட்டைக் கீழே ஓரத்துக்கு மாற்றினாள். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “சரி, மாலையாவது போடுறேன், அதுக்கு ஒண்ணும் சொல்லாத” என்று வாங்கி வைத்திருந்த சாமந்தி மாலையை எடுத்தார். தண்ணி சொட்டச் சொட்ட, கைப்பிடி தடிமனில், முன்னால் கிரில்லில் லோகோவைச் சுற்றி மூன்று சுற்று சுற்றிக் கட்டினார்.

நான் வண்டிக்குள் தான் இருந்தேன். ‘முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று வந்தது. உரக்கப் படித்தேன்.

அம்மா கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டே சொன்னார்: “பார்த்தியா, சாமி கும்பிடறப்போ அதுவே கண்ணை மூடிக்குது.”