பதிவேட்டில் வெறுமையாக இருந்த கட்டம்

வீடற்றோருக்கான காப்பகம் ஒன்றில் வாரம் ஒருநாள் மாலை நேரத்தில் பதிவேட்டு மேசையில் அமர்ந்து வருகிறேன். வருபவரின் பெயர், வயது, உடல்நலக் குறை ஆகியவற்றை எழுதிக்கொண்டு படுக்கை எண்ணைக் கொடுப்பதுதான் என் வேலை. நான்காவதாக உள்ள முகவரிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடும்படி முதல் நாளே சொன்னார்கள். ஒருவரைத் தெருவிலேயே கட்டிப்போடுவது அந்த வெறுமையான கட்டம்தான் என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

வேலைக்குப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வாடகை வீடு வேண்டும். வாடகைக்கும் முன்பணத்துக்கும் வேலை வேண்டும். தெருவில் வாழ்பவரின் சான்றிதழ்கள் மழையில் நனைந்தோ, தூங்கும்போது பையோடு களவு போயோ இல்லாமல் ஆகியிருக்கும். இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் உடைக்க வேண்டும். நல்ல காப்பகம் தன் முகவரியையே அவருக்குக் கொடுத்து, இவர் இங்கே தங்கியிருக்கிறார் என்று பொறுப்பாளரின் கையெழுத்துடன் கடிதம் தந்து அதை உடைக்கிறது. அதோடு நின்றுவிடாமல், அலுவலக வரிசையில் அவருடன் நிற்க ஒரு பணியாளரையும் அனுப்புகிறது. துணைக்கு ஒருவர் வந்தாலே அதிகாரிகளின் பேச்சில் மரியாதை கூடிவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வேதனை தரும் உண்மை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தூக்கம் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்த முதல் வாரம் முழுவதும் காலணியைக் கழற்றாமல், நாடாவைக்கூடத் தளர்த்தாமல், பையைத் தலைக்கு வைத்து, கட்டிலை விட்டுத் தரையில் சுவரோரமாகப் படுத்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பொருள்களை வைத்துக்கொள்ள ஒரு பெட்டகமும் சாவியும் கொடுத்தோம். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் இரவு அவருடைய காலணிகள் கட்டிலுக்கு அடியில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் அரைத்தூக்கத்தில் காவல் காத்தே இரவைக் கழித்தவரிடம், அடுத்த மாதத்துக்கு என்ன திட்டம் என்று முதல் நாளே படிவத்தை நீட்டிக் கேட்பது எவ்வளவு இரக்கமற்றது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

நோயும் அப்படித்தான். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். தெருவில் அதற்கு இடம் ஏது? காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் விடாமல் மருந்து எடுக்க வேண்டும். தினமும் இடம் மாறுகிறவருக்கு அது ஏறக்குறைய முடியாத காரியம். காப்பகத்தின் குளிர்பதனப் பெட்டியில் பெயர் ஒட்டிய ஒரு சிறு டப்பா ஒருவரின் உயிரையே காப்பாற்றும்.

எல்லாக் காப்பகங்களும் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காலையில் வெளியேற்றிவிட்டு, மாலையில் மீண்டும் வரிசையில் நிற்கவைக்கும் இடத்தில் தங்குபவர் மாலைநேர வேலைக்குப் போக முடியாது; இரவு வேலைக்குப் போனால் பகலில் உறங்க இடமில்லை. கணவனையும் மனைவியையும் பிரித்து அனுப்பும் இடங்களும், குடியை முற்றிலும் விட்டால்தான் படுக்கை என்னும் இடங்களும் உண்டு. இவற்றுக்கும் களவுக்கும் அஞ்சித் தெருவிலேயே படுப்பவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

இந்த நிபந்தனைகளுக்கு மாற்றாகத்தான் 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், முதலில் வீடு, பிறகு சிகிச்சை என்ற முறையைத் தொடங்கினார். பின்லாந்து 2008 முதல் அதையே தேசியக் கொள்கையாக்கியது. அதன் தலைநகர் ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு நடத்திவந்த, சுமார் 250 படுக்கைகள் கொண்ட காப்பகம் ஏறக்குறைய 80 தனி வீடுகளாக மாற்றிக் கட்டப்பட்டது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், இம்முறையில் வீடு பெற்றவர்கள் மற்றவர்களைவிட நெடுங்காலம் வீட்டில் நிலைத்திருந்தார்கள்.

அப்படியானால் காப்பகமே தேவையில்லையா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். வீடு கிடைக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே என்பதுதான் என் பதில். தங்குமிடம் கேட்டு நியூயார்க்கில் 1979இல் தொடுக்கப்பட்ட வழக்கின் பலனாக, 1981இல் அந்த உரிமை ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. ஆனால் யார் பெயரில் வழக்கு நடந்ததோ, அந்த ராபர்ட் காலஹன் அதற்குள் தெருவிலேயே இறந்துபோயிருந்தார்.

காலணியைக் கழற்றாமல் தரையில் படுத்தார் என்று நான் சொன்ன அந்த மனிதருக்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு வாடகை அறை கிடைத்தது. அறை கிடைத்த பிறகுதான் தனிமை அவரை வாட்டத் தொடங்கியது. முதல் மாதம் முழுவதும் மாலை தவறாமல் காப்பகத்துக்கு வந்து, இருட்டும்வரை முன்வாசலில் அமர்ந்திருப்பார். இத்தகைய நாள்களில்தான் பலர் அறையை விட்டுவிட்டு மீண்டும் தெருவுக்குப் போய்விடுகிறார்கள் என்பதால், பணியாளர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரைப் போய்ப் பார்த்து வருகிறார். சென்ற வாரம் அவருக்கு வந்த ஒரு கடிதம் பழைய வழக்கப்படி காப்பக முகவரிக்கே வந்திருந்ததால், அதைக் கொடுக்க நான் போனேன். கதவை உள்ளே தாழிட்டிருந்தார். தட்டிவிட்டு, அவர் வந்து திறக்கும்வரை வெளியே காத்திருந்தேன்.