லாம்பிக் ஊரில் கள்ளின் நினைவு

"காற்றில் இருக்கும் நுண்ணுயிர்களை மட்டுமே நம்பி மதுவைப் புளிக்க விடும் வழக்கம் எங்கள் பள்ளத்தாக்கைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை" என்று மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தவர் பெருமையோடு சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. பிரஸ்ஸல்ஸில் மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பீர்களைச் சுவைத்து ஒப்பிடும் சிறிய குழு அது. வேலைக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் என்னை அதில் சேர்த்துவிட்டிருந்தார். நான் பனையைப் பற்றிச் சொன்னேன். பாளையைச் சீவிக் கலயம் கட்டிவிட்டால் ஈஸ்ட் எதையும் சேர்க்க வேண்டியதில்லை, சாறு சொட்டத் தொடங்கிய நேரம் முதலே தானாகப் புளிக்கத் தொடங்கிவிடும் என்று விளக்கியதும் எல்லாருடைய முகமும் மலர்ந்தது. ஊருக்குப் போய்வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவந்தால் வரிசையில் வைத்து ஒப்பிடலாம் என்றார்கள். என் மாநிலமான தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம் என்று அவர்களிடம் சொல்ல நேர்ந்தது. அந்தப் பதிலைச் சொன்னபோது ஏற்பட்ட வருத்தம், இந்த ஊருக்கு வந்தபின் குளிராலும் மொழியாலும் ஏற்பட்ட எந்தச் சிரமத்தைவிடவும் பெரியதாக இருந்தது.

அவர் பெருமைப்பட்டதில் தவறில்லை. பிரஸ்ஸல்ஸையும் அதன் மேற்கே இருக்கும் அவருடைய ஊர்ப்பக்கமான பயோட்டன்லாந்தையும் சேர்ந்த லாம்பிக் பீரை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமை புரியும். ஆண்டர்லெக்ட் பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1900இல் தொடங்கிய கான்டியோன் என்ற வடிப்பகம் இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியோடு முளைகட்டாத கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை மாடிக்கு ஏற்றி, கூரைக்குக் கீழே ஆழமில்லாத அகன்ற செப்புத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுவதும் திறந்தே வைத்துவிடுகிறார்கள். இரவுக் காற்றில் மிதந்து வரும் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் குடியேறுகின்றன. கோடையில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பதால் குளிர்கால மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். மறுநாள் மரப்பீப்பாய்களுக்குப் போகும் சாறு அங்கே ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்து மீண்டும் புளிக்க வைத்தால் அது கியூஸ் ஆகிறது. பீப்பாய் அறையில் சிலந்தி வலைகளைக்கூடக் கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். வீட்டு மூலையில் ஒட்டடை இருந்தால் அம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்த எனக்கு அந்த அறை மிகவும் பிடித்துப்போயிற்று.

எங்கள் குழுவில் ஒப்பிடுவது என்பது கிட்டத்தட்ட ஒரு வழிபாட்டு ஒழுங்கோடு நடக்கும். எனக்கு மிகவும் பிடித்தது ஓர்வால் நாள். தெற்கு பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குள்ளேயே வடிக்கப்படும் அந்தப் பீரின் சீட்டில் பாட்டிலில் அடைத்த தேதி அச்சிட்டிருக்கும். அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்ப்பதால் பாட்டிலுக்குள் அது மாறிக்கொண்டே இருக்கிறது. புதியது, ஆறு மாதமானது, ஓராண்டு கடந்தது என மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்து, மடத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆன்ரி வாஸ் வரைந்த அகன்ற கிண்ணங்களில் ஊற்றுவார்கள். முதலாவதில் பீருக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் பழ வாசனையும் முந்திக்கொண்டு வரும். இரண்டாவதில் கசப்பு பின்வாங்கி, நாக்கை உலர்த்தும் ஒரு துவர்ப்பு வரும். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனால் தோலும் வைக்கோலும் கலந்த வாடை அடிக்கும். யாரும் உடனே பேச மாட்டார்கள். ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதி முடித்த பிறகே பேச்சு தொடங்கும், தொடங்கினால் நள்ளிரவு வரை ஓயாது. பெரும்பாலோர் குதிரைத் தொழுவத்தைச் சொல்வார்கள். நான் தாத்தா வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய கலயத்தின் வாடையை எழுதுவேன்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. எந்தப் பீருக்கு எந்தக் கோப்பை என்பதும், கியூஸ் பாட்டிலை அடிவண்டல் கலங்காமல் எப்படிச் சாய்க்க வேண்டும் என்பதும் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் நாக்கில் அந்தப் புளிப்பு பட்டவுடன் மனம் உடன்குடிப் பக்கத்துத் தேரிக்கு, அந்தச் செம்மணல் மேட்டுக்குப் போய்விடுகிறது. தாத்தா பனையேறியவர். விடியுமுன் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் ஏறுவார். பாளையை ஒவ்வொரு முறையும் மெல்லிய தகடாகத்தான் சீவ வேண்டும், கொஞ்சம் அழுந்தினாலும் பாளை வீணாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பேறாமல் பதநீர், தடவாவிட்டால் கள். நான் பிறப்பதற்கு முன்பே கள் நின்றுவிட்டதால் எனக்குக் கிடைத்ததெல்லாம் பதநீர்தான். ஓலைப்பட்டையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, நுங்கைப் போட்டு, பட்டையின் பச்சை வாசனையோடு அதைக் குடித்ததற்கு ஈடாக எந்தக் கண்ணாடிக் கோப்பையையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, இது தேரி மணலில் நிற்கும் மரம், இது கடற்கரைக்குப் பக்கத்து மரம் என்று தாத்தா சொல்லிவிடுவார். குறிப்பேடு வைத்துக்கொள்ளாத அவருக்கு எங்கள் குழுவில் தலைமை இடமே கொடுத்திருப்பார்கள்.

கள் கொண்டுவரச் சொன்ன அவர்களின் விருப்பத்தை நிறைவேற்றியவர் ஆண்ட்வெர்ப்பில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். இலங்கையில் கள்ளுக்குத் தடையில்லை, அங்கே தவறணைகள் என்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன, பனங்கள் போத்தலில் அடைபட்டு வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்கும் வருகிறது. கொடுக்கும்போதே, "தம்பி, இது சூடாக்கி அடைச்ச போத்தல் கள்ளு. மரத்தடியில பிளாவில குடிக்கிறது வேறை. அதை உவையளுக்கு முதலே சொல்லிப்போடுங்கோ" என்றார். பிளா என்பது அவர்கள் ஊரில் ஓலைப்பட்டைக்குப் பெயர். சொன்னேன். வெண்மையாகக் கலங்கியிருந்த அதைக் கியூஸுக்கும் ஓர்வாலுக்கும் நடுவே வைத்தோம். பயோட்டன்லாந்துக்காரர் நெடுநேரம் முகர்ந்தார். இளம் லாம்பிக்கின் புளிப்பு, ஈஸ்டின் மணம், தானியத்தில் வராத ஓர் இனிப்பு என்று எழுதினார். பிறகு, இதைப் பலவகை மரங்களில், பல பருவங்களில், புளித்த நேரம் வாரியாக ஒப்பிட்டு எழுதியிருக்கும் உங்கள் ஊர்க்காரர்களின் குறிப்புகளைப் படிக்க வேண்டும் என்று கேட்டார்.

அப்படிப்பட்ட குறிப்பு எதையும் என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை. 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. கலப்படம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அன்றிலிருந்து, ஏறத்தாழ 5 சதவீத ஆல்கஹால் உள்ள கள் குற்றமாக இருக்கிறது; 42.8 சதவீதம் உள்ள பிராந்தியும் விஸ்கியுமோ 2003 முதல் அரசே நடத்தும் கடைகளில் விற்கும் பொருளாக இருக்கின்றன. பனையோ மாநில மரம். குடியால் நிலைகுலைந்த குடும்பங்களை நானும் அறிவேன், அந்தக் கவலையை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தக் கவலை உண்மையானால், இரண்டில் மெல்லியதைத் தடுத்துக் கடியதை விற்பது எப்படி நியாயமாகும்? இங்கேயும் லாம்பிக் அழிவின் விளிம்புக்குப் போனதுண்டு. இனிப்பூட்டிய மலிவுப் பானங்கள் அதன் பெயரில் விற்கப்பட்டன. அப்போது யாரும் லாம்பிக்கைத் தடை செய்யவில்லை. 1978இல் கான்டியோன் குடும்பத்தினர் வடிப்பகத்தை அருங்காட்சியகமாகவும் திறந்துவைத்து, எப்படிச் செய்கிறோம் என்பதை ஊருக்குக் காட்டினார்கள். 1997இல் பழைய முறைக் கியூஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டப் பாதுகாப்பு அளித்து, எதைச் சேர்த்தால் அந்தப் பெயரைப் போடலாம் என்று வரையறுத்தது. 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. கலப்படத்துக்கு மருந்து வரையறையும் கண்காணிப்பும் என்பதை இந்தச் சிறிய நாடு செய்து காட்டியிருக்கிறது.

பனையேறிகளுக்கே உரிமம் கொடுத்து, இறக்கிய அன்றே மரத்தடியில் விற்கச் சொன்னால் போதும்; ஆய்வுக்கு மாதிரி எடுப்பது அரசுக்குக் கடினமான வேலையல்ல. சுவையை வைத்தே மரத்தையும் மண்ணையும் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லாரும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் அறிந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டுமானால், அந்த உரிமம் அவர்கள் இருக்கும்போதே வர வேண்டும்.