1,200 சிறிய கோப்புகளும் 38 மில்லிசெகண்டும்

தாத்தாவின் நாட்குறிப்புகளை ஸ்கேன் செய்து வீட்டு நாஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) சேர்த்து வருகிறேன். நோட்டுக்கு ஒரு ஃபோல்டர். அதில் பெரியது 1,200 பக்கம், பக்கத்துக்குச் சுமார் 150 கேபி. மொத்தம் 180 எம்பிதான். வீட்டுக்குள் இருந்து திறந்தால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். வேலைக்காக வெளியூரில் இருக்கும்போது அதே ஃபோல்டரை லேப்டாப்புக்கு காப்பி செய்ய 27 நிமிடம் ஆனது. வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம் 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 எம்பி. கணக்குப்படி கால் நிமிடம் போதும். 27 நிமிடம் எங்கே போகிறது என்று தேடியதைத்தான் எழுதி வைக்கிறேன்.

முதல் வாரம்

முதலில் வயர் மீதுதான் சந்தேகம் வந்தது. அம்மாவுக்கு போன் செய்தேன்.

“அம்மா, அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பின்னாடி வயர் சொருகியிருக்கே, அங்க லைட்டு என்ன கலர்ல எரியுது?”

“ஆரஞ்சு. நடுவுல நடுவுல சிமிட்டுதுப்பா.”

என் பெட்டியில் பச்சை என்றால் கிகாபிட், ஆரஞ்சு என்றால் 100 மெகாபிட். கிகாபிட்டுக்கு வயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேலை செய்ய வேண்டும். நூறுக்கு நான்கே போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். அம்மா வேறொரு வயரை மாற்றிச் சொருகினார், பச்சை வந்தது. வீட்டுக்குள் வேகம் 11 எம்பியிலிருந்து 110 எம்பிக்கு ஏறியது. வெளியூரிலிருந்து எடுத்துப் பார்த்தேன்: அதே 27 நிமிடம். பழுது உண்மையானது, ஆனால் நான் தேடிய பழுது அது இல்லை.

அடுத்து பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். நாஸோடு வந்த விபிஎன் (இணையத்துக்குள் தனிப்பாதை போடும்) ஆப் வழியாகப் போய்வர 210 மில்லிசெகண்ட் ஆனது. ஆப்பின் இணைப்பு விவரத்தைத் திறந்தால் ‘ரிலே’ என்று இருந்தது. அதாவது, என் கோப்புகள் வீட்டிலிருந்து நேராக என்னிடம் வரவில்லை. நடுவில் எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகின்றன.

ஏன் நேர்வழி கிடைக்கவில்லை? ரவுட்டரின் வெளிமுகவரியைப் பார்த்தபோது புரிந்தது. அது 100.80 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012-இல் சேவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொள்கின்றன. அந்த நிலையில் என் ரவுட்டரில் எத்தனை போர்ட்டை, அதாவது எண் போட்ட வாசலை, திறந்தாலும் வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு தெரியாது. போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) மணிக்கணக்காகத் தலையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொது முகவரி இருப்பவர்களும் 445 போர்ட்டை, அதாவது நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் எஸ்எம்பி வழியை, நேரடியாக இணையத்துக்குத் திறக்கவே கூடாது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பியின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். விபிஎன்னுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

இரண்டாம் வாரம்

வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் கதவு இல்லை, ஆனால் புதிய முறையான ஐபிவி6-இல் நாஸுக்கென்றே ஒரு பொது முகவரி இருந்தது. நாஸில் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) 51820 என்ற ஒரே ஒரு யூடிபி போர்ட்டை மட்டும் நாஸுக்குத் திறந்தேன். ஞாயிறு இரவு வெளியூர் திரும்பியதும் முதல் வேலையாக பிங் பார்த்தேன். 38 மில்லிசெகண்ட்! எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஃபோல்டர் பட்டியல் வந்தது. காப்பி கொடுத்தேன். அப்படியே நின்றுவிட்டது.

சின்னச் சின்ன விஷயங்கள் போகின்றன, பெரிதாக எதை அனுப்பினாலும் தொங்குகிறது என்றால் எம்டியுவை, அதாவது நெட்வொர்க்கில் தகவல் போகும் ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவை, பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை, ஒரு பொட்டலத்துக்கு 1,492 பைட் வரைதான் இடம். வயர்கார்டு தன் பங்குக்கு ஐபிவி6-இல் 80 பைட் எடுத்துக்கொள்ளும். மீதி 1,412. வயர்கார்டின் வழக்கமான அளவோ 1,420. எட்டே எட்டு பைட் கூடுதல்! ஐபிவி6-இல் வழியிலுள்ள ரவுட்டர் பெரிய பொட்டலத்தை உடைத்து அனுப்பாது. ‘இது பெரிது’ என்று திருப்பிச் சொல்லும். அந்தத் தகவலை ஃபயர்வால் தடுத்துவிட்டால் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். இரண்டு பக்கமும் எம்டியுவை 1,400 என்று மாற்றினேன், காப்பி நகர ஆரம்பித்தது.

அதன்பின் ஐபெர்ஃப்3 என்ற வேகமானியை வைத்து அளந்தேன். இது டிஸ்க்கைத் தொடாமல் பாதையை மட்டும் அளக்கும். வீட்டிலிருந்து என் பக்கம் 88 மெகாபிட். ஒரே வீடியோ கோப்பை எடுத்தால் வினாடிக்கு 10 எம்பி. பாதை சரியாகிவிட்டது.

ஆனால் அந்த 1,200 பக்க ஃபோல்டர்? ஐந்து நிமிடம்.

மூன்றாம் வாரம்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நெட்வொர்க்கில் போகும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் காப்பி செய்து, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்தேன். இந்தக் கோப்பைத் திற என்கிறது லேப்டாப். திறந்தேன் என்கிறது நாஸ். அளவு, தேதி சொல், சொன்னேன். படித்துக் கொடு, இதோ. மூடு, மூடினேன். நடுவில் இன்னும் ஒன்றிரண்டு விசாரிப்புகள். ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை போய்வருகிறது, ஒவ்வொன்றும் முந்தைய பதில் வரும்வரை காத்திருக்கிறது.

1,200 × 6 × 38 மில்லிசெகண்ட்: நாலரை நிமிடம். 38-க்குப் பதில் 210 போட்டால் 25 நிமிடம். முதல் நாள் பார்த்த 27 நிமிடத்துக்கு அப்போதுதான் கணக்குத் தீர்ந்தது. படங்கள் பயணம் செய்த நேரம் சொற்பம். மற்றதெல்லாம் பதிலுக்குக் காத்திருந்த நேரம். வீட்டுக்குள் போய்வர அரை மில்லிசெகண்டுகூட ஆகாது என்பதால் இந்தப் பேச்சு கண்ணில் படவே இல்லை.

இதைக் கண்ட பிறகு வேகமான பிளான் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். இரண்டு மடங்கு வேகமான லைன் வந்தாலும் இந்த 38 அப்படியேதான் இருக்கும். போய்வரும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நாஸுக்குள் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்து, ஃபோல்டரை டார் என்ற கட்டளை கொண்டு ஒரே கோப்பாகக் கட்டி எடுத்தேன். 20 வினாடி. எக்ஸ்ப்ளோரரில் தம்ப்நெயில் காட்டுவதை நிறுத்தினேன். முன்பார்வைக்காக ஒவ்வொரு படத்தையும் அது திறந்து படித்துக்கொண்டிருந்தது. இப்போது பட்டியல் உடனே வருகிறது. தினமும் கைவைக்கும் நோட்டுக்கு மட்டும் சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் போட்டிருக்கிறேன். புதுப் பக்கம் வந்தால் பின்னணியில் தானாக லேப்டாப்பில் சேர்ந்துவிடும், திறக்கும்போது காத்திருக்க வேலையே இல்லை.

மொபைலில் இன்னும் பார்க்கவில்லை. வைஃபையில் இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது வயர்கார்டு இணைப்பு அறுந்துபோகாமல் இருக்கிறதா என்பதை அடுத்த வாரம் சோதிக்க வேண்டும்.

நேற்று இரவு அம்மா போனில், “உங்க தாத்தா கிணறு வெட்டுனதைப் பத்தி எழுதியிருந்தாரே, அது எந்த நோட்டு?” என்று கேட்டார். பேசிக்கொண்டே தேடினேன், மூன்றாவது நோட்டில் இருந்தது. அவர் லைனில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டினேன்.