இரண்டாவது கியரும் ஒன்றரை லிட்டர் ஆயிலும்

ஜனவரி 4, 2025, சனி

காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தேன். ஊட்டியில் உறைபனி விழுகிற மாதம் இது. குன்னூரில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் முன் கண்ணாடி முழுக்க நீர் பூத்திருந்தது. முதல் கியர் சரியாகத்தான் விழுந்தது. இரண்டாவதுக்குத் தள்ளினால் லீவர் பாதியில் முட்டி நின்று ‘கர்ர்’ என்றது. கிளட்சை அடிவரை மிதித்துத்தான் இருந்தேன். பத்துக் கிலோமீட்டர் ஓடி எல்லாம் சூடான பிறகு சத்தம் குறைந்தது. சாயங்காலம் திரும்பும்போது அடையாளமே இல்லை. நாளைக் காலை மறுபடி கத்தும், தெரியும். மூன்று மாதமாக இதே கதை.

வண்டி அப்பாவுடையது. 2006 மாடல் ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ், ஐந்து கியர். ஓடோமீட்டரில் 1,12,380. ஒரு விரலால் கியர் போட்டுக் காட்டுவது அப்பாவுக்குப் பெருமை. அந்தக் கியர் பெட்டி இப்படி அரைபடுவதைக் கேட்க மனசு பொறுக்கவில்லை.

பொங்கலுக்கு அம்மாவைக் கோபிசெட்டிபாளையத்துக்கு அழைத்துப் போகவேண்டும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இரண்டாவது கியர்தான் நமக்குத் துணை. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பர்லியார் வருவதற்குள் கருகல் வாடை வந்துவிடும்.

ஜனவரி 5, ஞாயிறு

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

“செகண்ட் கியர் சின்க்ரோ ரிங் போயிருச்சுங்க தம்பி. பெட்டியை இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்.” கியர் மாறும்போது இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒத்துவர வைக்கிற வளையம் அது.

“அண்ணே, சூடானா சரியாயிடுதே? ரிங் தேஞ்சிருந்தா சூட்டுலயும் கத்தணுமில்ல?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “கடைசியா கியர் ஆயில் எப்ப மாத்துனீங்க, என்ன ஊத்துனாங்க?” என்றார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்து பில்களைத் தேடினேன். அப்பா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார், அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. போன அக்டோபரில் வேறு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜெனரல் சர்வீஸ். பில்லில் ஒரு வரி: ‘கியர் ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5’. முதலாவது ஆயிலின் கெட்டியைச் சொல்வது, ஜிஎல்-5 அதன் வகை. சத்தம் ஆரம்பித்ததும் அந்த மாதம்தான்.

ஜனவரி 7, செவ்வாய், இரவு

டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த ஓனர்ஸ் மேனுவலை எடுத்துப் படித்தேன். ஹோண்டா இந்தக் கியர் பெட்டிக்குச் சொல்வது எம்டிஎஃப் என்கிற தன்னுடைய ஆயிலை. அது கிடைக்காத பட்சத்தில் தற்காலிகமாக 10டபிள்யூ-30 போன்ற இன்ஜின் ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம். கார் கியர் பெட்டிக்கு இன்ஜின் ஆயிலா என்று கேட்பவர்கள் தங்கள் பைக்கை நினைத்துப் பார்த்தால் போதும். ஊரில் ஓடுகிற பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன.

‘தொண்ணூறு ஆயில்’ என்று கடைகளில் சொல்லும்போது அந்த எண் நம்மை ஏமாற்றிவிடுகிறது. இன்ஜின் ஆயில் 30, இது 90, அப்படியானால் மூன்று மடங்கு கெட்டி என்று தோன்றும். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90-இன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக். இன்ஜின் ஆயில் 40-க்கு 12.5 முதல் 16.3, 30-க்கு 9.3 முதல் 12.5. ஆக தொண்ணூறுக்குப் பக்கத்து வீடு நாற்பது. இருந்தாலும் என் பெட்டிக்கு வேண்டியதைவிட அது கெட்டிதான். குளிரில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். காலையில் கத்தி மதியம் அடங்குவதற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி ஜிஎல்-5. இதைப் பொறுமையாக எழுதிவைக்கிறேன், அடுத்தவருக்கு உதவும்.

ஜீப், லாரி மாதிரிப் பின்சக்கர இழுவை வண்டிகளில் பின் ஆக்சிலில் கிரௌன் என்கிற பெரிய பல் சக்கரமும் அதைச் சுற்றுகிற சின்னப் பல் சக்கரமும் இருக்கும். அந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு பலமாக வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் வெறும் ஆயில் படலம் கிழிந்துவிடும் என்பதால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானத்தை அதிகமாகப் போடுகிறார்கள். அதுதான் ஜிஎல்-5. ஜிஎல்-4-இல் அந்தச் சேர்மானம் குறைவு. ஐந்து நான்கைவிடப் பெரியது, அதனால் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை.

என் வண்டி முன்சக்கர இழுவை. இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் தனியாக இல்லை, கியர் பெட்டிக்குள்ளேயே அதே ஆயிலில் சுற்றுகிறது. அதில் இருப்பது சாய்வுப் பல் சக்கரம், கிரௌன் அல்ல. ஜிஎல்-5 காக்க வேண்டிய பொருளே இந்தப் பெட்டிக்குள் கிடையாது.

கெடுக்கக்கூடிய பொருள் இருக்கிறது: சின்க்ரோ ரிங். பித்தளை வளையம், உள்பக்கம் கூம்பு வடிவம், அதில் மயிரிழை போன்ற வரிகள். லீவரைத் தள்ளும்போது அந்த வளையம் கியரின் கூம்பில் போய் உரசும். வேகமாகச் சுற்றுகிற கியர் அந்த உரசலில் நிதானித்து, இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வரும். அதன் பிறகுதான் பற்கள் கோத்துக்கொள்ளும். இத்தனையும் ஒரு நொடிக்குள். உரசல் வேண்டும் என்றால் வரிகள் வழியாக ஆயில் சட்டென்று விலகி வழிவிட வேண்டும். ஆயில் கெட்டியாக இருந்தாலோ, தேவைக்கு மேல் வழுக்கினாலோ வளையம் பிடிக்காது. வேகம் ஒத்துவருவதற்கு முன்பே பற்கள் மோதுகின்றன. நான் கேட்கிற ‘கர்ர்’ அதுதான்.

கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளையை அரிக்கும் என்றும் சொல்வார்கள். பழைய வகைகளில் அது உண்மை. இப்போது வருகிற பல ஜிஎல்-5 ஆயில்கள் செம்பு அரிப்புச் சோதனையைத் தாண்டித்தான் வருகின்றன. ஆனால் அரிக்காது என்பதாலேயே சின்க்ரோவுக்குப் பிடிமானம் கொடுக்கும் என்று ஆகிவிடாது.

ஜனவரி 9, வியாழன்

கோவைக்கு வேலையாகப் போனபோது எம்டிஎஃப் இரண்டு லிட்டர், இரண்டு போல்ட்டுக்கும் புது அலுமினிய வாஷர் வாங்கினேன். முதலில் ஏறிய கடையில், “எல்லா வண்டிக்கும் இதுதான் சார் போகுது” என்று மறுபடி தொண்ணூறு ஆயிலையே எடுத்து வைத்தார்கள். எல்லா வண்டிக்கும் ஒன்று என்று இதில் கிடையாது. சில வண்டிக்கு 75டபிள்யூ-80, சிலவற்றுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4, சில கியர் பெட்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஏடிஎஃப் ஆயிலையே ஊற்றச் சொல்கிறார்கள். மேனுவல் என்ன சொல்கிறதோ அது.

ஜனவரி 11, சனி

அருவங்காட்டில் நண்பன் ஷெட்டில், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளம், பிட் இருக்கிறது. ஒரு பக்கம் ஜாக்கி ஏற்றினால் வண்டி சாய்ந்து ஆயில் மட்டம் தப்பாகிவிடும். பிட்டில் நான்கு சக்கரமும் சமமாக நிற்கும். அங்கே ஓட்டிக்கொண்டு போனதிலேயே பெட்டி வெதுவெதுப்பாகியிருந்தது.

முதலில் ஃபில்லர் போல்ட். இதை யாரும் மறக்கக் கூடாது. ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றுகிற போல்ட் கழலாமல் போனால் வண்டி அங்கேயேதான் நிற்கவேண்டும். 17 நம்பர் ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், அசையவில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, ஸ்பேனர் முனையில் மர உருளையால் இரண்டு தட்டு. ‘டிக்’ என்று விட்டுக்கொடுத்தது.

கீழே ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டுக்கு ஸ்பேனரே தேவையில்லை. போல்ட்டின் தலையில் சதுரக் குழி, ராட்செட்டின் 3/8 அங்குல முனை அப்படியே போய் உட்கார்கிறது. கழற்றியதும் ஆயில் கயிறு மாதிரி தடித்து இறங்கியது. முகத்துக்கு நேரே வாடை, அழுகிய முட்டையும் பட்டாசு மருந்தும் கலந்த மாதிரி. கந்தகம். பில்லில் எழுதியிருந்தது உண்மைதான் என்று மூக்கே சொன்னது.

போல்ட்டின் நுனியில் காந்தம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பூச்சு. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், மாவு மாதிரி இருந்தது. முள்ளோ சில்லோ தட்டுப்படவில்லை. இந்தப் பூச்சு எந்தக் கியர் பெட்டியிலும் இருக்கும், பல் தேய்மானத் தூள். சில்லு கிடைத்திருந்தால் மெக்கானிக் அண்ணன் சொன்னபடி பெட்டியை இறக்கியிருப்பேன்.

ஆனால் பாத்திரத்தில் இருந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது அடி வயிற்றில் சுருக்கென்றது. தங்கப் பொடி தூவின மாதிரி மினுமினுப்பு. காந்தம் பித்தளையை இழுக்காது, அதனால் அது ஆயிலிலேயே மிதக்கிறது. மூன்று மாதத்தில் என் சின்க்ரோ வளையங்கள் இழந்தது அது. ஒரு காலி ஜாம் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தேன்.

அரை மணி நேரம் சொட்ட விட்டோம். பனியன் வேஸ்ட்டால் போல்ட்டையும் காந்தத்தையும் துடைத்து, புது வாஷர் போட்டு டிரெயின் போல்ட்டை 39 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். அலுமினியப் பெட்டி, கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். முடுக்குகிற அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்கியது அதற்காகத்தான்.

ஊற்றுவதற்கு, போனட் வழியாக உள்ளே தெரிகிற ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் டியூப்பை இறக்கி, மேலே புனல். நண்பன் மேலிருந்து ஊற்ற, நான் கீழே டியூப் முனையைத் துளையில் பிடித்துக்கொண்டிருந்தேன். புது ஆயில் தேன் நிறம், ஓட்டமாக இறங்கியது. இந்தப் பெட்டிக்கு டிப்ஸ்டிக் கிடையாது, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்புதான் மட்டம். ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது துளையிலிருந்து நூல் மாதிரி வழிந்தது. “நிறுத்து!” என்றேன். வழிவது சொட்டாகி நிற்கும்வரை காத்திருந்து, வாஷரோடு போல்ட்டை மாட்டி 44 நியூட்டன் மீட்டர். இரண்டாவது கேனில் பாதி மிஞ்சியது.

ஜனவரி 12, ஞாயிறு

அதே ஆறரை மணி, அதே குளிர். இரண்டாவது கியர் முட்டவில்லை. லீவர் கொஞ்சம் கனமாகத்தான் போனது, சத்தம் மட்டும் இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இறக்கினால் ஒருமுறை லேசாக முனகியது. மாற்றும்போது பழைய ஆயில் முழுக்க வடியாது, பேரிங்குகளிலும் மூலைகளிலும் கொஞ்சம் தங்கும். இன்னொரு முறை மாற்றவேண்டும்.

மெக்கானிக் அண்ணனிடம் ஓட்டக் கொடுத்தேன். இரண்டாவதை நான்கைந்து முறை போட்டு எடுத்துவிட்டு, “பெட்டியை இறக்காம விட்டது நல்லதுங்க” என்றார். ஆயில் பேரைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 13, திங்கள், போகி

குன்னூர், மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தி வழியாகக் கோபி. இறக்கம் முழுக்க இரண்டிலும் மூன்றிலும்தான் வந்தேன். காட்டேரி தாண்டி ஒரு கொண்டை ஊசியில் எதிரே பஸ் வந்தது. மூன்றிலிருந்து இரண்டு, தயங்காமல் விழுந்தது.

“இப்பத்தான் உங்கப்பா வண்டி மாதிரி இருக்குது கண்ணு” என்றார் அம்மா. கியர் பற்றி அம்மாவிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மூன்று மாதமாக அந்தச் சத்தம் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கோபி போய்வந்தது, கோவைக்கு இரண்டு நடை, எல்லாம் சேர்த்து 640 கிலோமீட்டர். ஒரு கேன் கூடுதலாக வாங்கி, அதே பிட்டில் மறுபடி வடித்தேன். பதினைந்து நாள் ஆயிலை வடிப்பது வீண் செலவு என்றான் நண்பன். எனக்கு அப்படித் தோன்றவில்லை, உள்ளே தங்கியிருந்த பழசைக் கழுவி எடுக்கிற செலவு இது.

இதையும் ஒரு ஜாம் பாட்டிலில் பிடித்து, இரண்டையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் அடியில் பொன் நிறத்தில் ஒரு கோடு படிந்திருக்கிறது. இரண்டாவதில் டார்ச் அடித்துத் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுகள். வாடை இல்லை. வடித்ததை எல்லாம் கேனில் ஊற்றி ஒர்க்‌ஷாப்பின் பழைய ஆயில் பேரலில் சேர்த்தாயிற்று, ஓடையில் விடவில்லை.

போனட்டுக்குள் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன்: ‘கியர் ஆயில்: எம்டிஎஃப் மட்டும். 26.1.2025. 1,13,050 கி.மீ. அடுத்தது 1,53,000.’