நாற்பது கேள்வி வேண்டுமென்றால் எண்பது எழுத வேண்டும்

எம்.எட். முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்களிடம் எல்லாரும் கேட்பது "என்ன தலைப்பு?" என்றுதான். "என்ன கருவி?", அதாவது எந்த வினாத்தாளை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர் அரிது. கல்வியியல் பேராசிரியரின் ஆய்வு வேலையில் பெரும்பகுதி வினாத்தாள் செய்வதிலும் அதைப் பழுது பார்ப்பதிலுமே கழிகிறது. கருவி கோணலாக இருந்தால் அதன்மேல் எந்தப் புள்ளியியலை ஏற்றினாலும் வருவது கோணல்தான்.

முதலில் தலைப்பிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. "வேலூர் மாவட்ட மாணவர்களின் அறிவியல் அடைவு" என்று எழுதிவிடுகிறோம். எந்த வேலூர்? 1989-இல் வட ஆர்க்காடு இரண்டானது. 2019-இல் வேலூரே மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கு. 2015-இல் முடிந்த ஆய்வோடு இன்றைய எண்களை ஒப்பிட்டு "அடைவு மாறியிருக்கிறது" என்று எழுதினால், மாறியது பிள்ளைகளா எல்லைக்கோடா என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். மாவட்டப் பெயரோடு ஒன்றியங்களின் பெயரையும் எழுதிவிடுவது நல்லது: காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று.

அடுத்தது அடைவுத் தேர்வு, அதாவது பிள்ளை பாடத்தை எவ்வளவு கற்றிருக்கிறது என்று அளக்கும் தேர்வு. இறுதியில் 40 கேள்வி வேண்டுமென்றால் 80 எழுத வேண்டும். அலகுவாரியாகப் புளூபிரிண்ட் போட்டு, நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல் ஆகியவற்றுக்கு எத்தனை என்று கட்டம் நிரப்பிய பிறகே பேனாவைத் தொட வேண்டும். கேள்விகளை எழுதிவிட்டுக் கட்டத்தைப் பிறகு நிரப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முக்கால்வாசி நினைவுகூர்தலில் போய் விழும், ஏனென்றால் அதுதான் எழுதச் சுலபம். பாட ஆசிரியர்கள் பார்த்த பின் 60 தேறும். அதை 200 மாணவர்களுக்குக் கொடுத்து முன்னோட்டம் பார்க்க வேண்டும். இந்த 200 பேர் இறுதி மாதிரியில் வரக்கூடாது.

திருத்தியதும் மதிப்பெண் வரிசையில் அடுக்கி மேலிருந்து 27 விழுக்காடு, கீழிருந்து 27 விழுக்காடு எடுக்கிறோம். 200-க்கு 54 பேர் வீதம். ட்ரூமன் கெல்லி 1939-இல் காட்டிய அளவு இது. இரு முனைகளும் நன்றாக விலகியிருக்க வேண்டும், அதே சமயம் ஆள் எண்ணிக்கையும் குறையக்கூடாது. இரண்டுக்கும் பொருந்துகிற இடம் 27. ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 46 பேரும் கீழ்க் குழுவில் 22 பேரும் சரியாக எழுதினால், 68-ஐ 108-ஆல் வகுக்க எளிமை அளவு 0.63. வித்தியாசம் 24-ஐ 54-ஆல் வகுக்க வேறுபடுத்தும் திறன், அதாவது நன்றாகப் படித்தவரைப் படிக்காதவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அளவு, 0.44. 0.40-க்கு மேல் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 0.20-க்குக் கீழ் என்றால் தூக்கிவிடலாம்.

வேறுபடுத்தும் திறன் எதிர்மறையாக வந்தால், அதாவது கீழ்க் குழுவே அதிகம் சரியாக எழுதியிருந்தால், கேள்வியை உடனே எறியாதீர்கள், முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். அது சரியென்றால் கேள்வியில் இரண்டு விடை ஒளிந்திருக்கும். "பின்வருவனவற்றுள் அமிலத்தன்மை உடையது எது?" என்ற கேள்வியில் எலுமிச்சைச் சாறும் மோரும் தெரிவுகளாக இருந்தால், லாக்டிக் அமிலத்தைப் படித்த பிள்ளை மோரைக் குறிக்கும், படிக்காத பிள்ளை எலுமிச்சையைக் குறித்து மதிப்பெண் வாங்கும். நான்கு தெரிவுகளில் ஒன்றை யாருமே தொடவில்லையென்றால் அது வெறும் அலங்காரம், மாற்ற வேண்டும். சரியான விடை மட்டும் எப்போதும் நீளமாக இருப்பதும் பழைய வியாதி.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் மொழி. பேரணாம்பட்டில் உருது வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்க் கேள்வித்தாளை உருது தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றி வாங்கினால் போதாது. அந்த உருதுத் தாளை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் திரும்பத் தமிழாக்க வேண்டும், இரண்டு தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கலைச்சொல் அகராதியிலிருந்து வரக்கூடாது, பிள்ளைகளின் பாடநூலில் உள்ள சொல்தான் வர வேண்டும். கேள்வி எதைப் பற்றியது என்பதும் கவனிக்க வேண்டியதே. தோல் பதனிடுவதில் சுண்ணாம்பின் வேலையைக் கேட்டால், தோல் தொழில் நடக்கும் ஊர்ப் பிள்ளைக்கு அது வீட்டுப் பேச்சு, ஜவ்வாது மலைப் பிள்ளைக்குப் புதிர். அந்தக் கேள்வி அளப்பது பாடத்தை அல்ல, பிறந்த ஊரை.

மனப்பான்மை அளவுகோல் (கூற்றுகளைக் கொடுத்து எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று கேட்பது) என்றால் எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்ப மறந்துவிடுவார்கள். ஐந்து புள்ளி அளவுகோலில் 6-இலிருந்து கழிக்க வேண்டும். கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் ஆல்ஃபா எண் திடீரென்று 0.3-க்கு இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் மாதிரியில் கவிழ்கிறவர்கள் அதிகம். 10 பள்ளி, பள்ளிக்கு 30 பேர், ஆக 300 என்று எழுதி அப்படியே இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் படிக்கும் முப்பது பேர் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அந்த உள்ளொப்புமை 0.2 என்று வைத்துக்கொண்டால், 29-ஐ 0.2-ஆல் பெருக்கி 1 கூட்ட 6.8 வருகிறது. 300-ஐ 6.8-ஆல் வகுத்தால் 44. அதாவது கையில் இருப்பது 44 பேருக்கான தகவல்தான்! பள்ளிக்கு 10 பேர் என்று 30 பள்ளிக்குப் போனால் அதே 300 பேர் 107 பேருக்குச் சமம். பேருந்துச் செலவு கூடும், கீழ்வழித்துணையாங்குப்பத்துக்கும் ஒடுகத்தூருக்கும் ஒரே நாளில் போய்வர முடியாது, உண்மைதான். முடியாதென்றால் மாணவர், பள்ளி என்ற இரு நிலைகளையும் கணக்கில் கொள்ளும் பல்நிலைப் பகுப்பாய்வாவது செய்ய வேண்டும்.

முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தை ஜூனிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். முன்னோட்டம் ஆகஸ்டில் முடிந்தால் காலாண்டுத் தேர்வு கழிந்து அக்டோபர், நவம்பரில் நம் அடைவுத் தேர்வின் இறுதி வடிவத்தை நடத்தலாம். ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பைத் தலைமையாசிரியர்கள் தரமாட்டார்கள். இங்கே இத்தனை ஆய்வேடுகள் ஒன்பதாம் வகுப்பைப் பற்றியே இருப்பதற்கு அதுதான் காரணம், கோட்பாட்டுக் காரணம் தேட வேண்டாம்.